கணக்குக் கேட்டால் கௌரவம் குறையுமா?

(பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழாவை ஒட்டி இளைஞர்களுக்குப் பயன்படும் சில உரைகள் நடைபெற வேண்டும் என்று குழுவினர் முடிவு செய்தார்கள். மருத்துவம் பற்றியும் பொறியியல் பற்றியும் பேச ஆட்கள் எளிதில் கிடைத்துவிட்டார்கள். வணிகவியல் பற்றிச் சொல்ல, கல்லூரியில் அந்தப் பாடத்தைக் கற்பித்துவரும் எங்கள் மூவரையும் அழைத்தார்கள். மூவரும் கூடி எழுதியதை எங்களில் ஒருவர் இங்கே சொல்கிறார். சொல்லப்படுவது மூவரின் கருத்தும் ஆகும்.

நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள், பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் வரும் உயர்நிலைக் கணக்கியலும் உள் தணிக்கையும். தலைப்பைக் கேட்டவுடனே சிலருக்குக் கொட்டாவி வரும் என்பது எங்களுக்குத் தெரியும். "வேறு எதுவும் கிடைக்காவிட்டால் பி.காம். சேர்த்துவிடலாம்" என்று சொல்லும் பெற்றோர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறோம். ஏனெனில் இது மாணவருக்கு மட்டும் உரிய பாடம் அன்று. நாலு பேர் கூடிச் சீட்டுப் பிடித்தாலும் சங்கம் நடத்தினாலும் அங்கே இந்தப் பாடம் வந்து நிற்கிறது.

முதலில், இறுதி ஆண்டில் அப்படி என்ன புதிதாகப் படிக்கிறார்கள் என்று பார்ப்போம். பள்ளியிலும் கல்லூரியின் முதல் ஆண்டிலும் மாணவர் கணக்கு எழுதக் கற்கிறார். குறிப்பேட்டில் பதிவு, பேரேட்டில் எடுத்தெழுதுதல், இருப்பாய்வு, கடைசியில் இருப்புநிலைக் குறிப்பு. இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டால் அவருக்குப் பரம சந்தோஷம். பிறகு நிறுமக் கணக்கியலும் அடக்கவிலைக் கணக்கியலும் வருகின்றன. இறுதி ஆண்டில் தணிக்கைப் பாடம் வந்து, "சமமாக வந்ததால் மட்டும் கணக்குச் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறது. ஆகாது என்பதே விடை. ஒரு விற்பனையை அடியோடு எழுதாமல் விட்டுவிட்டால் இருப்பாய்வு சமமாகவே வரும். ஒரு பிழையை இன்னொரு பிழை ஈடு செய்துவிட்டாலும் சமமாகவே வரும். இயந்திரம் வாங்கிய பணத்தைப் பழுது பார்த்த செலவு என்று எழுதிவிட்டாலும் சமமாகவே வரும். ஆக, எழுதக் கற்றவர் இப்போது எழுதியதைச் சோதிக்கக் கற்கிறார். அங்கேதான் இந்தப் படிப்பு முதிர்ச்சி அடைகிறது.

கணக்கு எழுதும் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சுப் புத்தகத்தில் விளக்கமாக எழுதியவர் லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவி. 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அவருடைய பெரிய கணித நூல் வெளிவந்தது. 'சும்மா' என்று அதன் பெயர் தொடங்கும். பெயர்தான் சும்மா, உள்ளே இருப்பது சும்மா அல்ல. அந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர்கள் முன்பே கையாண்டு வந்ததை ஒழுங்குபடுத்தி உலகுக்குக் கொடுத்தார். ஓவியர் லியனார்டோ டாவின்சிக்கு அவர் நண்பர், கணிதம் கற்பித்தவர்.

நம் மண்ணிலோ அதற்கும் ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே கணக்குக் கேட்கும் வழக்கம் கல்லில் ஏறிவிட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஆண்டுகள் 919, 921. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளியில் எல்லாரும் படித்திருப்பீர்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்குப் பெயர் கொடுக்க முடியாது என்பது அங்கே கண்ட விதி. கணக்கு எழுதுபவருக்கும் விதி உண்டு. தாம் எழுதிய கணக்கைத் தாமே ஒப்புவித்து, நேர்மையானவர் என்று பெரியோர் ஏற்ற பிறகுதான் அவர் மறுபடி அந்த வேலைக்கு வரலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கணக்குக் கேட்பதை யாரும் அவமதிப்பாக எண்ணவில்லை. இன்று நாம்தாம் எண்ணுகிறோம்!

இனி, தணிக்கையின் இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வெளியிலிருந்து வரும் தணிக்கையாளர் ஆண்டு முடிந்த பிறகு நிதி அறிக்கைகளைச் சோதித்து, அவை உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றனவா என்று பங்குதாரர்களுக்குக் கருத்துச் சொல்கிறார். உள் தணிக்கையாளர் ஆண்டு முழுவதும் நிறுவனத்துக்காகவே வேலை செய்கிறார். கணக்குப் புத்தகத்தோடு அவர் நிற்பதில்லை. கொள்முதல் எப்படி நடக்கிறது, கிடங்கில் சரக்கு இருக்கிறதா, சம்பளப் பட்டியலில் இல்லாத ஆள் பெயர் ஏறியிருக்கிறதா, கணினியின் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்றெல்லாம் பார்க்கிறார். விபத்து நடந்த பின் வரும் காவலரைப் போல அல்லாமல், பாலத்தில் விரிசல் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் பொறியாளரைப் போன்றவர் அவர்.

1941-இல் நியூயார்க் நகரில் உள் தணிக்கையாளர்களுக்கு என்று ஒரு கழகம் அமைந்தது. அதன் பிறகே இது தனித் தொழிலாக வளர்ந்தது. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டம், 138-ஆம் பிரிவில், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எல்லா நிறுமங்களும் உள் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும் என்கிறது. 200 கோடி ரூபாயும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ள தனியார் நிறுமங்களுக்கும் இது பொருந்தும். எனவே வேலைக்குக் குறைவில்லை என்பதைப் பெற்றோர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இந்தப் பாடத்தின் உயிர்நாடி ஒரே ஒரு விதி என்று சொல்லலாம். பணத்தைக் கையாளுபவர் ஒருவராகவும், அதைப் புத்தகத்தில் எழுதுபவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும். இதை மீறியதால் 233 ஆண்டு வயதுள்ள ஒரு வங்கி மண்ணோடு மண்ணானது. லண்டனில் 1762-இல் தோன்றிய பேரிங்ஸ் வங்கிதான் அது. அதன் சிங்கப்பூர் அலுவலகத்தில் நிக் லீசன் என்ற இளைஞர் சந்தையில் வாங்கி விற்கும் பொறுப்பையும், அந்த வியாபாரங்களைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றும் பொறுப்பையும் தாமே வைத்திருந்தார். நட்டங்களை 88888 என்ற எண் கொண்ட கணக்கில் மறைத்து வந்தார். 1994-இல் அந்த வங்கியின் உள் தணிக்கையாளர்கள் சிங்கப்பூர் வந்து பார்த்து, இரண்டு பொறுப்பும் ஒருவரிடம் இருப்பது ஆபத்து, பிரித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். நல்ல லாபம் கொண்டுவருகிற பிள்ளையைச் சந்தேகிப்பதா என்று மேலிடம் மெத்தனமாக இருந்துவிட்டது. 1995 பிப்ரவரியில் உண்மை வெளிப்பட்டபோது நட்டம் ஏறத்தாழ 82 கோடியே 70 லட்சம் பவுன். வங்கி ஒரே ஒரு பவுனுக்கு விற்கப்பட்டது. மருந்துச் சீட்டு கையில் இருந்தது. மருந்து வாங்கத்தான் ஆள் இல்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு அமெரிக்காவில் நடந்தது. வேர்ல்டுகாம் என்ற தொலைபேசி நிறுவனம் பிற நிறுவனங்களின் கம்பி வழியே பேச்சுகளை அனுப்புவதற்குக் கட்டணம் செலுத்தி வந்தது. இது அன்றாடச் செலவு. பதினோராம் வகுப்புப் பாடத்தில் வருகிற வருவாயினச் செலவு. இதை முதலினச் செலவு என்று எழுதி, சொத்தாகக் காட்டிவிட்டார்கள். செலவு குறைந்ததால் லாபம் தானே உயர்ந்தது. அந்நிறுவனத்தின் உள் தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பர் என்ற பெண்மணி. 2002-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அவரும் அவருடைய சிறு குழுவினரும் பிறர் கண்ணில் படாமல் இரவில் கணினிப் பதிவுகளைத் துருவினார்கள். நிதித் தலைமை அதிகாரி தணிக்கையைத் தள்ளிப்போடச் சொன்னார். அவர் தள்ளவில்லை. இயக்குநர் அவையின் தணிக்கைக் குழுவிடம் நேரே போய்ச் சொன்னார். ஜூன் 25 அன்று 380 கோடி டாலர் தவறாக எழுதப்பட்டது என்று நிறுவனமே அறிவித்தது. பின்னர் அந்தத் தொகை 1,100 கோடியையும் தாண்டியது. மாணவர்களே, அந்தப் பெரிய மோசடியில் மறைந்திருந்த தந்திரம் நீங்கள் இரண்டு மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்கிற வேறுபாடுதான். அடிப்படைப் பாடத்தை அலட்சியம் செய்யாதீர்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்வதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் நாட்டில், ஐதராபாத்தில் நடந்தது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதினார். புத்தகத்தில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி கிடையவே கிடையாது. புத்தகத்தில் இருந்த பணம் வங்கியில் இல்லை! தணிக்கைப் பாடத்தில் இதற்கு எளிய வழி சொல்லப்பட்டிருக்கிறது. வங்கி இருப்பு எவ்வளவு என்று தணிக்கையாளரே வங்கிக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் நேரே தணிக்கையாளர் கைக்கு வர வேண்டும். யாருடைய கணக்கைச் சோதிக்கிறோமோ அவர் கொண்டுவந்து கொடுக்கும் காகிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றும் விதிதான். அது தவறினால் என்ன ஆகும் என்பதை அந்த நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் அந்த ஜனவரி மாதத்தில் நடுங்கிக்கொண்டே அறிந்தார்கள்.

இவையெல்லாம் கோடிகளைப் பற்றிய கதைகள், நமக்கென்ன என்று கேட்கலாம். எங்களுக்குத் தெரிந்த ஓர் ஊரில், ஒரு சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். பொருளாளராக இருந்தவர் ஊரே மெச்சும் உத்தமர். வசூல் அவர் கையில், ஏடு அவர் கையில், வங்கிப் புத்தகமும் அவர் வீட்டில். "அவர் இருக்கும்போது நமக்கென்ன கவலை?" என்று யாரும் ஏட்டைத் திறந்து பார்த்ததே இல்லை. திடீரென்று ஒரு நாள் மாரடைப்பில் அவர் காலமானார். ஏட்டையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்பிட்டபோது 38,000 ரூபாய் குறைந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்றார்கள். அவருடைய மனைவி பேசாமல் தம் சங்கிலியை விற்றுப் பணத்தைக் கட்டினார். எட்டு மாதம் கழித்துச் செங்கல் சூளைக்காரர் ஒருவர் வந்தார். "கட்டட வேலைக்கு என்று முன்பணம் கொடுத்துவிட்டுக் கல் எடுக்க வராமலே இருக்கிறீர்களே" என்றார். முன்பணம் 38,000 ரூபாய்! பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த எட்டு மாதத்தை அந்தக் குடும்பத்துக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

நேர்மையில் அந்தப் பெரியவரிடம் குறையே இல்லை. அவருடைய நேர்மைக்குச் சாட்சி ஏற்படுத்தி வைக்கத்தான் சங்கம் தவறிவிட்டது. மாதம் ஒரு முறை வேறொருவர் ஏட்டைப் பார்த்துக் கையொப்பம் இட்டிருந்தால் அந்தச் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும். ஆகவே நாங்கள் வற்புறுத்திச் சொல்வது இதுதான்: தணிக்கை கள்வனைப் பிடிக்கும் வலையாகச் சில சமயம் பயன்படலாம், நல்லவனைச் சுற்றிப் போடும் வேலியாக எப்போதும் பயன்படும். கணக்குக் கேட்பது கௌரவத்தைக் குறைப்பதில்லை, காப்பாற்றுகிறது.

திருச்சபையும் இதை அறிந்தே வைத்திருக்கிறது. எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப் புனித பவுல் தம் ஒருவர் பொறுப்பில் வைத்துக்கொள்ளவில்லை. தீத்துவையும், சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரரையும் அதில் சேர்த்துக்கொண்டார். இவ்வளவு பெரிய தொகையைப் பற்றி எவரும் குறை சொல்ல இடம் இருக்கக்கூடாது என்பதே அவர் சொல்லும் காரணம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் இதைக் காணலாம்.   1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்றும், வரவு செலவு ஏடுகள் ஒழுங்காக எழுதப்பட வேண்டும் என்றும், மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது.

நம் அன்பியங்கள், சபைகள், சேமிப்புக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் சில எளிய ஒழுங்குகளைச் சொல்கிறோம்.

முதலாவது, ரொக்கம் வைத்திருப்பவர் ஒருவர், ஏடு எழுதுபவர் மற்றொருவர்.

இரண்டாவது, காணிக்கையும் வசூலும் எண்ணும்போது குறைந்தது மூவர் இருக்கட்டும். எண்ணிய தாளில் அங்கேயே மூவரும் கையொப்பம் இடட்டும்.

மூன்றாவது, ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் அச்சிட்டிருக்க வேண்டும். தவறாக எழுதிய ரசீதைக் கிழித்து எறியாமல், குறுக்கே கோடிட்டு அடிக்கட்டையுடன் சேர்த்து வையுங்கள்.

நான்காவது, வந்த பணத்திலிருந்தே செலவு செய்யாமல் முழுவதையும் வங்கியில் செலுத்திவிட்டுப் பிறகு எடுங்கள். தேநீர், தபால் போன்றவற்றுக்கு ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்கி, தீர்ந்தபின் சீட்டுகளைக் காட்டி நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, மாதம் ஒரு முறை ரொக்க ஏட்டையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்பிட்டு வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடுங்கள். அதைப் பொருளாளர் அல்லாத ஒருவர் போட வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். அளந்ததை எழுது, எழுதியதை இன்னொருவர் பார்க்கட்டும் என்று நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம்.

இறுதியாக மாணவ மாணவியருக்கு. இந்தத் துறையில் மேலே போக வழிகள் பல உண்டு. வணிகவியல் பட்டதாரி 55 விழுக்காடு பெற்றால் பட்டயக் கணக்கர் தேர்வின் இடைநிலைக்கு நேரே சேரலாம். இப்போதைய முறையில் இரண்டு ஆண்டு நேர்முகப் பயிற்சி உண்டு. அடக்கவிலைக் கணக்கர் தேர்வு இன்னொரு வழி. உள் தணிக்கைக்கே உரிய சி.ஐ.ஏ. என்ற உலகளாவிய தேர்வு 1974 முதல் நடந்துவருகிறது. அதில் மூன்று பகுதிகள். அரசுப் பணியை விரும்புவோருக்கு உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை இருக்கிறது.

தேர்வில் வெற்றி பெறுவது பாதி. மீதிப் பாதிக்கு மூன்று குணங்கள் வேண்டும். ஒன்று, கேட்கத் தெரிய வேண்டும். கிடங்குக் காப்பாளரிடம் போலீஸ்காரர் போல விசாரித்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார். "இந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள், அண்ணே, எனக்குக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேட்டால் புத்தகத்தில் இல்லாததையும் காட்டுவார். இரண்டு, எழுதத் தெரிய வேண்டும். குறையைச் சொல்லும்போது ஆளைச் சொல்லாமல் செயலைச் சொல்லுங்கள். என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், அதனால் வரும் இடர் என்ன, திருத்துவது எப்படி என்று நாலு வரியில் எழுதப் பழகுங்கள். ஆங்கிலம் வராதே என்று அஞ்சும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: தெளிவாகச் சிந்திப்பவருக்கு மொழி பின்னாலேயே வரும். ஆண்டுதோறும் எங்கள் வகுப்பில் அதைக் கண்ணால் பார்க்கிறோம். மூன்று, துணிவு வேண்டும். சம்பளம் கொடுக்கிற நிறுவனத்தின் குறையை அந்த நிறுவனத்திடமே சொல்வது எளிதன்று. அதனால்தான் உள் தணிக்கைத் தலைவர் மேலாளரைத் தாண்டி இயக்குநர் அவையின் தணிக்கைக் குழுவிடம் பேச வழி செய்திருக்கிறார்கள். வழி இருந்தாலும் நடக்க வேண்டியவர் நீங்கள்தாம். சிந்தியா கூப்பரிடம் இருந்தது அந்தத் துணிவுதான். பேரிங்ஸ் வங்கியின் மேலிடத்தில் இல்லாமற்போனது, சொன்னதைக் கேட்கும் மனம்.

பங்குப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பங்கில் வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஒவ்வொரு சபையும் குழுவும் அவர்களில் இருவரை அழைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை தங்கள் ஏடுகளைப் பார்க்கச் சொல்லட்டும். பிள்ளைகளுக்கு அது வகுப்பில் கிடைக்காத பயிற்சி. பொருளாளர்களுக்கோ நிம்மதியான உறக்கம். சின்னப் பையன் என் கணக்கைப் பார்ப்பதா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். முதலாவதாக எங்கள் ஆசிரியர் மன்றத்தின் ஏட்டையே அவர்கள் முன் வைக்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து பார்க்கலாம்.